கூரை இல்லாத சபா

வடசென்னையில் ‘ஆர்க்கெஸ்ட்ரா’ என்று சொன்னால் யாருக்கும் வயலின் வரிசை நினைவுக்கு வராது. காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, அம்மன் கோயிலில் கூழ் ஊற்றி முடித்த பிறகு, தெருவை மறித்து மேடை கட்டியிருப்பார்கள். சீரியல் விளக்குகள், ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள், ஒரு கீபோர்டு, ரிதம் பேட், தபேலா, டோலக், பாடுவதற்கு இரண்டு ஆண்கள், ஒரு பெண். அம்மன் பாட்டில் தொடங்கி, டி.எம்.எஸ். குரலில் எம்.ஜி.ஆருக்குப் போய், அங்கிருந்து இளையராஜாவுக்கு வந்து, பத்து மணி நெருங்கும்போது கானாவில் இறங்கும் அந்த நிகழ்ச்சிக்குப் பெயர்தான் ஆர்க்கெஸ்ட்ரா. டிக்கெட் கிடையாது. செலவு தெரு வசூலில் வருகிறது. கொடுத்தவர் பெயரைப் பாட்டுக்குப் பாட்டு மைக்கில் வாசிக்கிறார்கள். பிளாஸ்டிக் நாற்காலி கிடைக்காதவர்கள் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

உலகின் பெரிய சிம்பொனிக் குழுக்கள் கோடைகாலத்தில் செய்வதும் ஏறத்தாழ இதுவே. பாஸ்டன் சிம்பொனியில் வாசித்துக்கொண்டிருந்த ஆர்தர் ஃபீட்லர், 1929 ஜூலை 4 அன்று சார்ல்ஸ் ஆற்றங்கரையில் இலவசக் கச்சேரி ஒன்றைத் தொடங்கிவைத்தார். அரங்கத்துக்குக் காசு கொடுத்து வர முடியாதவர்களும் அந்த இசையைக் கேட்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்காக அவரே நன்கொடை திரட்டினார். 1940-ல் அதே கரையில் சிப்பி வடிவில் நிலையான மேடை எழுந்தது. 1976 ஜூலை 4 அன்று அங்கே கூடியவர்கள் 4 லட்சம் பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். நியூயார்க் பில்ஹார்மோனிக் 1965 கோடையிலிருந்து பூங்கா பூங்காவாகப் போய் இலவசமாக வாசிக்கிறது. 1979-ல் பிறந்த சிங்கப்பூர் சிம்பொனி, தாவரவியல் பூங்காவின் ஏரி நடுவே இருக்கும் மேடையில் வாசிக்க, மக்கள் புல்வெளியில் பாய் விரித்துக் கேட்கிறார்கள்.

இரண்டிலும் வானம்தான் கூரை, இரண்டிலும் டிக்கெட் இல்லை. ஆனால் ஃபீட்லரின் கலைஞர்களுக்குக் குளிர்காலம் வந்தால் போய் வாசிக்க ஓர் அரங்கம் இருந்தது. சம்பளம் தரும் நிறுவனம் இருந்தது. ஆடிக் கச்சேரியில் கீபோர்டு வாசித்தவர் ஆவணியில் கல்யாணங்கள் தொடங்கும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான இந்தப் பட்டையில் இசைக்கும் இசைக்காரர்களுக்கும் எந்தக் காலத்திலும் குறைவிருந்ததில்லை. அவர்களை ஆண்டு முழுக்கத் தாங்கும் அமைப்பு ஒன்றுதான் இன்றுவரை வரவில்லை. சென்னையின் இசை வரலாற்றில் இந்தப் பகுதிக்கு இருக்கும் இடத்தைப் பார்த்தால் இது சற்று விசித்திரமாகவே படும்.

மணலியிலிருந்து தொடங்கலாம். இன்று சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகளால் அறியப்படும் மணலி, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சங்கீத வித்வான்களை ஆதரித்த ஊர். மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் ஆதரவில் திருவாரூர் இராமசாமி தீட்சிதர் குடும்பத்துடன் வந்து தங்கினார். முதலியாருக்குப் பின் அவர் மகன் சின்னையா முதலியார் அந்த ஆதரவைத் தொடர்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொழில் தொடர்புள்ள குடும்பம் அது. கம்பெனிக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்கத் தீட்சிதரின் பிள்ளைகளுக்கு வாய்ப்புக் கிடைத்தது அந்தத் தொடர்பால்தான். கோட்டையிலிருந்து மணலி வடக்கே ஒரு மாட்டுவண்டிப் பயணத் தொலைவு.

பிள்ளைகளில் மூத்தவர் முத்துசாமி தீட்சிதர். கேட்ட மெட்டுகளை அவர் மறக்கவில்லை. பேண்டு மெட்டுகளுக்கு வடமொழியில் தெய்வத் துதிகளை அமைத்து ஏறத்தாழ 40 பாடல்களை உருவாக்கினார். ‘நோட்டு ஸ்வரம்’ என்று இன்று குழந்தைகளுக்குச் சொல்லித்தரப்படும் சிறிய சங்கராபரண உருப்படிகள் அவை. ஆங்கிலேயரின் அரச கீத மெட்டும் அவற்றுள் ஒன்று. மன்னரைக் காக்கச் சொல்லிக் கோட்டையில் முழங்கிய மெட்டு, அம்பாளைத் துதிக்கும் பாட்டாக மாறிவிட்டது. இளையவர் பாலுசாமி தீட்சிதருக்கு மெட்டைவிட வாத்தியம் பிடித்துப்போனது. ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதில் நம் கமகங்களை வாசிக்கப் பழகினார். பிறகு எட்டயபுரம் அரசவையில் அதை வாசித்துப் புகழ் பெற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கும் வயலினைக் கொண்டுவந்த பெருமையில் பங்கு உண்டு. ஆனாலும் கர்நாடக இசைக் கச்சேரியில் பாடகரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த நான்கு தந்தி வாத்தியத்தின் கதை மணலியைத் தொடாமல் நகராது.

பட்டாளத்துப் பேண்டு திறந்த வெளிக்காகவே பிறந்தது. அணிவகுப்பில் நடந்தபடி வாசிக்க வேண்டும். கடைசி வரிசைச் சிப்பாய்க்கும் கேட்க வேண்டும். அதனால் பித்தளைக் குழல்களும் முரசும். நம்மூரில் அதே வேலையைச் செய்வது நாகசுரமும் தவிலும். சுவரும் கூரையும் இருந்தால் ஒலி மோதித் திரும்பிக் கேட்பவர் காதுக்கு வலு சேர்க்கும். திறந்த வெளியில் போன ஒலி போனதுதான். தொலைவு இரண்டு மடங்கானால் ஒலி அளவு சுமார் 6 டெசிபல் குறைந்துவிடும் என்பது இயற்பியல் கணக்கு. தனி வயலின் பத்தாவது வரிசையைத் தாண்டுவதற்குள் கடற்காற்றில் கரைந்துவிடும். நாகசுரம் தேர் வீதியின் மறுமுனை வரை போகும். பாஸ்டன்காரர்கள் சிப்பி வடிவ மேடை கட்டியது அழகுக்காக மட்டுமில்லை. முதுகுப் பக்கம் போகிற ஒலியை வளைத்து முன்னால் தள்ள வேண்டியிருந்தது. வடசென்னைத் தெருவில் அந்த வேலையை எதிரெதிரே நிற்கும் இரண்டு மாடி வீடுகளின் சுவர்கள் செய்கின்றன, கொஞ்சம் முரட்டுத்தனமாக.

மணலிக்குப் பக்கத்தில் திருவொற்றியூர். தியாகராஜரும் வடிவுடையம்மனும் குடியிருக்கும் கோயில். கடற்கரையில் பட்டினத்தார் சமாதி. முத்துசாமி தீட்சிதர் இந்தத் தலத்து ஆதிபுரீசுவரர் மீது ஆரபியில் ஒரு கீர்த்தனை செய்திருக்கிறார். திருவையாற்றுத் தியாகராஜர் தம் முதுமையில் சென்னைக்கு வந்தபோது, சீடர் வீணை குப்பையரின் அழைப்பில் இங்கே வந்து, அம்மன் மீது ஐந்து கீர்த்தனைகள் பாடினார். திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் என்று அவற்றைச் சொல்வார்கள். சாவேரி, சுத்தசாவேரி, ஆரபி, கல்யாணி, பேகடா ஆகியவை ஐந்தின் ராகங்கள். குப்பையரின் மகன் பெயரே திருவொற்றியூர் தியாகய்யர். இன்று மயிலாப்பூருக்குத் தெற்கேதான் சங்கீதம் என்று நினைப்பவர்கள், வர்ணம் பாடக் கற்கும்போது இந்தத் தகப்பனும் மகனும் செய்தவற்றைத்தான் பாடிக்கொண்டிருப்பார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் சபாக்கள் தோன்றின. சங்கீதம் கோயில் வெளியையும் செல்வர் வீட்டுக் கூடத்தையும் விட்டு, டிக்கெட் கிழிக்கும் மண்டபத்துக்குள் நுழைந்தது. மண்டபங்கள் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் பிறகு தியாகராய நகரிலும் பெருகின. வடக்கே துறைமுகமும் ரயிலும் ஆலைகளும் பெருகின. இராயபுரத்தில் 1856-லேயே ரயில் நிலையம் வந்துவிட்டது. தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் வாலாஜாவுக்குப் புறப்பட்டது. சரக்கும் கூலியும் வடக்கே, சபா தெற்கே என்ற பாகப்பிரிவினையை யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. ஆனாலும் அது நடந்துவிட்டது.

பொதுமக்களுக்கு வெளியில் இசை தரவேண்டும் என்ற எண்ணம் நகரத்தை ஆண்டவர்களுக்கு அவ்வப்போது வந்துபோயிருக்கிறது. சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி, ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் காலத்தில் 116 ஏக்கரில் உருவான மக்கள் பூங்காவில், குளங்களோடும் விலங்குக் காட்சிசாலையோடும் பேண்டு வாசிப்பதற்கென்றே ஒரு மேடை இருந்தது. அந்தப் பூங்காவைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிந்துதான் விக்டோரியா மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, நேரு விளையாட்டரங்கம் எல்லாம் எழுந்தன. பேண்டு மேடை போன இடம் தெரியவில்லை.

அதைவிட முக்கியமானது 1930-ல் நடந்தது. 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப் பணமில்லாமல் மூடப்பட்டது. அதன் ஒலிபரப்புக் கருவியைச் சென்னை மாநகராட்சி வாங்கிக்கொண்டு, 1930 ஏப்ரல் 1 முதல் தானே வானொலி நடத்தியது. சாயங்காலங்களில் இசை, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும். வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள் சொற்பம் என்பதால், கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். வேலை முடிந்து மணலில் உட்கார்ந்தவன் காதில் காசில்லாமல் ஒரு கச்சேரி விழுந்தது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கும்வரை இது நடந்தது. குப்பை அள்ளவும் தெருவிளக்கு ஏற்றவும் பொறுப்பான ஒரு நகரசபை, சாயங்காலச் சங்கீதத்தையும் தன் கடமைகளில் சேர்த்துக்கொண்டிருந்த எட்டு ஆண்டுகள் அவை. சென்னைக்குப் பிற்காலத்தில் வந்த எந்தக் கலைத் திட்டமும் அந்த அளவுக்கு எளிமையாக யோசிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இராயபுரத்து ராபின்சன் பூங்காவுக்கு வேறொரு புகழ் உண்டு. 1949 செப்டம்பர் 18 அன்று, கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்த இடம் அது. அரசியல் கூட்டத்தைப் பற்றி இசைக் கட்டுரையில் என்ன பேச்சு என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் கூட்டத்துக்கு முன் பாட்டுக் கச்சேரி என்பது எழுதாத விதி. நாகூர் அனிபாவின் குரல் ஏறிய பிறகுதான் தலைவர்கள் பேச எழுவார்கள். சிவப்புக் கொடிக்காரர்களுக்கும் அப்படியே. பண்ணைபுரத்திலிருந்து வந்த பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடினார். அவர் தம்பி அண்ணனோடு சேர்ந்து ஊர் ஊராய்த் திடல்களில் ஆர்மோனியம் வாசித்தார். அந்தத் தம்பி சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, இளையராஜா ஆனார். 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் அவருடைய ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியபோது பத்திரிகைகள் எழுதியதெல்லாம் பீத்தோவன் வரிசையைப் பற்றித்தான். காசு கேட்காத திடல் கச்சேரிகளில்தான் அவருடைய காது பழகியது என்பதை அதிகம் பேர் எழுதவில்லை.

2007-ல் சென்னை சங்கமம் தொடங்கியது. பொங்கலையொட்டிக் கரகமும் பறையும் தேவராட்டமும் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் வந்தன. மயிலாப்பூர் நாகேசுவரராவ் பூங்காவில் காலை வேளையில் கர்நாடகக் கச்சேரிகளும் நடந்தன. 2011-க்குப் பிறகு நின்றுபோனது. 2023 ஜனவரியில் ‘நம்ம ஊரு திருவிழா’வாகத் திரும்பி வந்து, தீவுத்திடலில் தொடங்கிப் பதினெட்டு இடங்களில் நடந்தது. இராயபுரம் ராபின்சன் விளையாட்டுத் திடலும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆட்சி மாறினால் நிற்கும், ஆட்சி வந்தால் நடக்கும் என்பது இந்த வகை விழாவின் பலவீனம். நான்கைந்து நாள் மின்னிவிட்டுப் போவது இன்னொன்று. கிராமத்துக் கலைஞர் ஊருக்குத் திரும்புகிறார், திடல் மறுபடி கிரிக்கெட்டுக்குப் போகிறது. நாகேசுவரராவ் பூங்காவிலோ, சுந்தரம் ஃபைனான்ஸ் ஆதரவில் மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் பிள்ளைகள் மைக் இல்லாமல் பாடும் கச்சேரி பல ஆண்டுகள் நடந்தது. மிகச் சிறிய ஏற்பாடுதான். ஆனால் நாள் தெரியும், இடம் தெரியும், அடுத்த மாதமும் உண்டு. வடக்கே அப்படி ஒன்று வந்ததில்லை.

கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியல் செயல்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமனும் மற்றும் சிலரும் 2015-ல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா வேறு கேள்வியைக் கையில் எடுத்தது. பெசன்ட் நகரை ஒட்டிய மீனவக் குப்பத்தில் எல்லையம்மன் கோயில் முன்பு மேடை. கர்நாடக இசையும் பரதமும் வில்லுப்பாட்டும் பறையும் கூத்தும் ஒரே மேடையில். மீனவர்களுக்குச் சங்கீதம் கொடுக்கப் போகிறார்களா என்று கேலியும் கோபமும் எழுந்தன. அக்கம்பக்கத்து மாடிவீட்டுக்காரர்களைக் குப்பத்துக்குள் நடக்கவைப்பதுதான் தங்கள் நோக்கம் என்று நடத்தியவர்கள் பதில் சொன்னார்கள். பதில் நேர்மையானது, கேலியிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. குப்பத்துக்குத் தன் இசை ஏற்கெனவே இருக்கிறது என்பதை எந்த வெளியூர் மேடையும் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் அந்த விழா சென்னைக் கலைத் தெரு விழா என்று பெயர் மாற்றிக்கொண்டது.

அதே கூட்டணியிலிருந்து 2017 ஜனவரி 14 அன்று வந்தது ‘சென்னை புறம்போக்குப் பாடல்’. கபேர் வாசுகி எழுதியது, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் மெட்டமைத்தது, கிருஷ்ணா பாடியது. படம்பிடித்த இடம் எண்ணூர்க் கழிமுகம். கொசஸ்தலையாறு கடலில் சேரும் அந்தச் சதுப்பில், அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த நீரின் கரையில், மேளகர்த்தா இலக்கணம் தெரிந்த ஒரு குரல் ‘புறம்போக்கு’ என்ற வசைச்சொல்லை எடுத்துப் பாடியது. பொது நிலம் என்ற பழைய பொருளை அந்தச் சொல்லுக்குத் திரும்பக் கொடுப்பதுதான் பாடலின் வேலை. ஆனந்தபைரவியில் தொடங்கும் ராகமாலிகையில் அடுத்து வருவது பேகடா. ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன் திருவொற்றியூர் அம்மனைத் தியாகராஜர் பாடிய ராகங்களில் ஒன்று, அங்கிருந்து சில மைல் வடக்கே, செத்துக்கொண்டிருக்கும் ஓர் ஆற்றுக்காக ஒலித்தது. மெட்டமைத்தவர் இதை நினைத்துச் செய்தாரோ இல்லையோ, ஊருக்குப் பொருந்திவிட்டது.

பாடல் வெளியாகிச் சரியாக இரண்டு வாரத்தில், ஜனவரி 28 அன்று, எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கரை ஒதுங்கிய எண்ணெய்ச் சேற்றை மீனவர்களும் மாணவர்களும் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவிப் படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினார்கள். திறந்தவெளி இசை பற்றிப் பேசும்போது இதை ஒதுக்கிவைக்க முடியாது. சுவரில்லாத அரங்கத்தில் காற்றும் அரங்கத்தின் ஒரு பாகம். நாகசுரக்காரர் அந்தக் காற்றைத்தான் நெஞ்சு நிறைய இழுத்து ஊத வேண்டும். பூங்காக் கச்சேரி என்றதும் நினைவுக்கு வரும் புல்வெளியும் பிக்னிக் கூடையும் எண்ணூருக்குப் பொருந்தாத படம்.

பருவமும் பொருந்தாது. மேல்நாட்டில் கோடை என்பது கதகதப்பு. இங்கே கத்திரி வெயில். சென்னையில் வெளியில் உட்காரத் தோதான காலம் தை முதல் பங்குனி வரை. அதை விட்டால் ஆடியில் இருட்டிய பிறகு. தெரு அம்மன்கள் இந்த நாட்காட்டியை எப்போதோ கணித்துவிட்டார்கள்.

இனி கானா. இந்திச் சொல்லான ‘கானா’வுக்குப் பாட்டு என்பது பொருள், வடசென்னைக்கு அது வாழ்க்கை வரலாறு. துறைமுகத்துக் கூலிகளும் ரிக்‌ஷாக்காரர்களும் மீன்பிடிப்பவர்களும் பாடி வளர்த்தது. சாவு வீட்டில் இரவு முழுக்க உட்கார்ந்து, இறந்தவர் பெயரையும் குணத்தையும் பாட்டில் சேர்த்துப் பாடுவது இதன் ஆதி மேடை. பதினாறாம் நாள் காரியத்துக்கும் கச்சேரி உண்டு. தாளத்துக்கு டோலக் இல்லாவிட்டால் டப்பா, சட்டி, மேசைப் பலகை. தேவா இசையில் 1990-களில் இது சினிமாவுக்குள் நுழைந்து மாநிலமெங்கும் பரவியது. ஆனால் பணம் சினிமாவில் தங்கிவிட்டது. சாவு வீட்டில் விடிய விடியப் பாடியவருக்குக் கூலி கையில் வந்தால் உண்டு.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியபோது இந்தக் கணக்கு கொஞ்சம் மாறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் அமைப்பும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. மொத்தம் 19 பேர்; கானாப் பாடகர்களோடு ராப், ராக் கலைஞர்களும் கிட்டாரும் டிரம்ஸும் பறையும் சட்டியும். அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன சாதி பேதமற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். மைதானம் நிரம்பி வழிந்தது. ஆண்களே ஆண்டுவந்த கானாவில் வடசென்னைப் பெண் இசைவாணியின் குரல் எழுந்தது இந்தக் குழுவில்தான். 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார். அதே ஆண்டு டிசம்பரில் நீலம் ‘மார்கழியில் மக்களிசை’யைத் தொடங்கியது. சபாக்காரர்களின் மாதத்தில் தங்கள் பாயை விரித்தார்கள்.

ஒரு சிம்பொனிக் குழு செய்யும் காரியத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பத்தொன்பது பேர், வெவ்வேறு பழக்கத்திலிருந்து வந்தவர்கள், ஒத்திகை பார்த்து, ஒருவர் ஒழுங்குபடுத்த, ஒரே நேரத்தில் தொடங்கி முடிக்கிறார்கள். ஆர்க்கெஸ்ட்ரா என்பதன் இலக்கணம் இவ்வளவே. செல்லோ இருந்தால்தான் ஆர்க்கெஸ்ட்ரா என்று எந்தச் சட்டமும் இல்லை.

செல்லோவும் வரட்டும், தடையில்லை. ஏ.ஆர். ரகுமான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியின் துணையோடு இயங்கும் ‘சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா’, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் வயலின், வயோலா, செல்லோ கற்றுக்கொடுத்து மேடையேற்றுகிறது. வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975-ல் தொடங்கிய ‘எல் சிஸ்தேமா’ பல லட்சம் ஏழைப் பிள்ளைகள் கையில் வாத்தியத்தைக் கொடுத்ததே இதற்கெல்லாம் முன்னோடி. மணலியில் பாலுசாமி தீட்சிதர் வயலினைத் தோளில் சாய்த்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதே மணலியில் ஒரு மாநகராட்சிப் பள்ளி மாணவி அதைக் கையில் எடுப்பது புதிய புரட்சி ஒன்றும் இல்லை. விட்ட இடத்தில் தொடர்வதுதான்.

தடையாக நிற்பது பணம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கானா, தவில், நாகசுரம், கீபோர்டு, மாதா கோயில் பேண்டில் வாசிக்கும் பித்தளைக் குழல்கள், கொஞ்சம் தந்தி வாத்தியங்கள் என்று 25 கலைஞர்கள். ஆளுக்கு மாதம் 25,000 ரூபாய். ஆண்டுக்கு 75 லட்சம். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட நிறுவனம் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கலை, பண்பாட்டுப் பாதுகாப்பும் மரபுக் கலைகளின் வளர்ச்சியும் அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலேயே இருக்கின்றன. அதாவது, சராசரியாக 37.5 கோடி லாபம் பார்க்கும் ஒரே ஒரு நிறுவனத்தின் 2 விழுக்காடு இந்த 75 லட்சம். துறைமுகங்களும் சுத்திகரிப்பு ஆலையும் வண்டித் தொழிற்சாலைகளும் வரிசையாக நிற்கும் பட்டையில் இது தேடிக் கிடைக்காத தொகை அல்ல. சுகாதாரத்துக்கும் பள்ளிக்கும் போக வேண்டிய பணம் பாட்டுக்கா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆலையின் புகையைத் தினமும் குடிக்கும் தெருவுக்கு மருத்துவமும் வேண்டும், மாதத்தில் ஒரு நல்ல சாயங்காலமும் வேண்டும். ஆனால் பாட்டு நடத்திக் கொடுத்துவிட்டோம் என்று புகைக்கு விலக்குக் கேட்கிற நிறுவனத்திடம் பணம் வாங்கக் கூடாது. எண்ணூர்க்காரர்கள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

விதிகளும் பெரிய முட்டுக்கட்டை இல்லை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்கள் வரை நள்ளிரவுவரை தளர்த்த மாநில அரசுக்கு இடமும் தருகின்றன. மாதக் கச்சேரிக்கு அந்தத் தளர்வுகூடத் தேவையில்லை. ஏழு மணிக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்கு முடித்துவிடலாம். அதிகாலையில் கடலுக்குப் போகிறவர்களுக்கும் காலை ஷிஃப்டுக்காரர்களுக்கும் அதுதான் வசதி.

இடத்துக்குப் பஞ்சமில்லை: ராபின்சன் திடல், திருவொற்றியூர்த் தேரடி, எண்ணூர்க் கடற்கரைக் குப்பங்கள். குறைவது நாட்காட்டியும் சம்பளப் பட்டியலும். தமிழ்நாடு அரசு 2007-ல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் அமைத்தது. அது உதவித்தொகை தரும், வேலை தராது. கொரோனா ஊரடங்கில் இரண்டு ஆடி மாதங்கள் தெருக்கள் மேடையில்லாமல் கிடந்தபோது, ‘இலவச’ இசைக்கு யார் விலை கொடுத்துவந்தார்கள் என்பது வெட்டவெளிச்சமானது. கேட்பவர் காசு கொடுக்காத இசை என்பது வேறு, வாசிப்பவருக்குக் காசு வராத இசை என்பது வேறு. முதலாவதை நகரசபை ஒருமுறை எட்டு ஆண்டுகள் நடத்திக் காட்டியிருக்கிறது.

அடுத்த ஆடியில் காசிமேட்டுப் பக்கம் ஒரு ஞாயிறு இரவு போய்ப் பாருங்கள். வழி கேட்க வேண்டியதில்லை, ஸ்பீக்கர் சொல்லிவிடும். பாடகரின் சட்டையில் யாராவது ஐம்பது ரூபாய் நோட்டைக் குத்தும்போது, பின்வரிசையில் கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒன்றைக் கொடுத்து, அவர் பெயரையும் மைக்கில் சொல்லச் சொல்லுங்கள்.